ஓலைத்தொடுவாயில் ஓர் ஊமை வான்

எப்போதும் வெல்லுகிற ஒருவருடன் இன்னொருவர் எவ்வளவு காலம் சேர்ந்து வாழலாம்? மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற சிங்கராசாவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்காது. நூல்களில் இதற்குப் பதில் தேடுவது வீண். நூல் எழுதியவர்களில் பெரும்பாலானோர் வாதத்தில் வெல்லுகிற கூட்டம். அவர்களோடு வாழ்ந்தவர்கள் எழுதவில்லை.

சிங்கராசா பெரிய கெட்டிக்காரர் என்று ஊர் சொல்லும். அப்படிச் சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். அவருடைய வெற்றிகளில் பாதி, எதிராளிக்குப் பஸ் வந்துவிட்டதால் கிடைத்தவை. மற்றப் பாதி, வாதம் முடிகிற தறுவாயில் கேள்வியையே மாற்றிவிடுகிற பழக்கத்தால் கிடைத்தவை. பெருநிலத்தில் வயல் செய்கிற பாலசிங்கம் அவருக்குப் பழைய கூட்டாளி. உழவு மிசினா வள்ள எஞ்சினா கூடப் பாடுபடுகிறது என்று இருவருக்கும் ஒருநாள் பேச்சு வந்தது. சேறு, சுமை, வெயில் என்று பாலசிங்கம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சிங்கராசா பொறுமையாகக் கேட்டுவிட்டு, உழவு மிசின் நடுவில் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்றார். இறங்கி வீட்டுக்கு நடப்பேன் என்றார் பாலசிங்கம்.

"என்ரை ஆக்கள் எங்கை இறங்கி நடக்கிறது?" என்று கேட்டார் சிங்கராசா.

பாலசிங்கம் வீட்டுக்குப் புறப்பட்டார். பெரிய பாலம் தாண்டிப் பாதி வழி போன பிறகுதான், பேச்சு எது பாடுபடுகிறது என்பதைப் பற்றியதே தவிர, எது எங்கே நின்றுபோகிறது என்பதைப் பற்றியது அல்ல என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் சிங்கராசா அந்த வெற்றியை ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டிருந்தார்.

கடலுக்குப் போகிற பாஸில் இருக்கிற படத்தில் தாடி இல்லை, ஆளின் முகத்தில் இருக்கிறது என்று கரையில் மறித்த கடற்படைப் பொடியனிடம், தாடி வளரும், பாஸ் வளராது என்று உடைந்த சிங்களத்தில் நிறுவியவர் அவர். பொடியன் சிரித்ததையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இத்தனை வெற்றிகளுக்கும் நடுவில் சமைத்து, துவைத்து, ஒரு பிள்ளையையும் வளர்த்து எடுத்தவர் மனைவி மாக்கிறட்.

தொண்ணூறாம் ஆண்டு இருவரும் கைக்குழந்தையோடு கடல் கடந்து தமிழ்நாட்டிலுள்ள மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது அந்தக் குழந்தை மதுஷிகாவுக்குக் கலியாண வயது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும், அதன் மேல் படுத்திருந்த இரண்டு கழுதைகளும்தான் மிச்சம். கழுதைகளை எழுப்பிவிட்டு, வீட்டுத் திட்டத்தில் கிடைத்த உதவியோடு அதே அத்திவாரத்தில் வீட்டைக் கட்டினார்கள். மதுஷிகாவை நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு அங்கே ஒரு பேரன் பிறந்தான். ஓலைத்தொடுவாய் வீட்டில் சண்டை தொடங்கியது அப்போதுதான்.

மாக்கிறட்டுக்கு மகளோடு போய் இருக்க விருப்பம். சிங்கராசாவுக்கு இல்லை. இருபது வருடம் மற்றவர்களின் மண்ணில் விருந்தாளியாக இருந்தாயிற்று, இனி மகளின் வீடு என்றாலும் இன்னொருவரின் கதிரையில் குந்த மாட்டேன் என்பது அவருடைய நிலைப்பாடு. இதைப் பல வடிவங்களில் நிறுவினார். நீர்கொழும்புக் கடலுக்கும் மன்னார்க் கடலுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து நிறுவினார். மருமகனின் குறட்டையை வைத்து நிறுவினார். ஒவ்வொரு முறையும் வென்றார். ஆனால் அடுத்த நாள் காலையில், தேத்தண்ணீர்க் கோப்பையை அவர் முன்னால் வைத்துக்கொண்டே, முதல்நாள் ஒன்றும் நடக்காதது போல மாக்கிறட் மறுபடியும் தொடங்குவார். வென்ற வாதம் வென்றபடியே கிடக்க வேண்டும் என்ற விதியை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. தருக்கத்தில் இதற்கு மறுமொழி கிடையாது.

இந்த நிலையில்தான் சிங்கராசா ஒரு பழைய வான் வண்டியை வாங்கினார். எஞ்சின் செத்துப்போய்த் தலைமன்னார் வீதியோரம் ஒரு வளவுக்குள் நின்ற ஜப்பான் வான் அது. கொழும்பிலிருந்து வேறு எஞ்சின் எடுத்துத் தானே பூட்டுவதாகவும், வான் ஓடத் தொடங்கினால் நினைத்த நேரம் பேரனைப் பார்த்துவிட்டு வரலாம் என்றும், ஆகவே நீர்கொழும்பில் போய்க் குடியிருக்கத் தேவையே இல்லை என்றும் விளக்கினார். மாக்கிறட் முழுவதையும் கேட்டார். அன்றைக்குப் பாலசிங்கமும் வந்திருந்தார்.

"அண்ணை, நீங்கள் சாட்சி" என்றார் மாக்கிறட் அவரிடம். பிறகு கணவனைப் பார்த்து, "மடு மாதாவின்ரை ஆவணித் திருவிழாவுக்கு இந்த வானிலை என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. போனா, நான் இனி நீர்கொழும்பு எண்டு வாய் திறக்கமாட்டன். போகாட்டி, வீட்டைப் பூட்டிப்போட்டு மகளிட்டைப் போறம். பிறகு நியாயம் கதைக்கிறேல்லை" என்றார்.

சிங்கராசா ஓம் என்றார். வாழ்க்கையில் தன்னை இவ்வளவு மகிழ்ச்சியாக ஒருவரும் சாட்சிக்கு அழைத்ததில்லை என்று பாலசிங்கம் பின்னர் சொன்னார்.

எஞ்சின் லொறியில் வந்து இறங்கியது. அதோடு ஒரு கட்டு வயரும், கையகல அலுமினியப் பெட்டி ஒன்றும் வந்தன. அந்தப் பெட்டிதான் எஞ்சினின் கொம்பியூட்டர். எந்த நேரம் எவ்வளவு டீசல் விடுவது என்று எஞ்சினுக்குச் சொல்வது அது. சிங்கராசா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது எஞ்சினுக்குக் கணக்கப்பிள்ளை போல, கணக்கப்பிள்ளை இல்லாவிட்டாலும் கடை நடக்கும் என்றார். இந்த வகை எஞ்சினில் கணக்கப்பிள்ளை வராவிட்டால் கடையே திறக்காது என்பதை அவர் பிறகுதான் அறிந்தார்.

எஞ்சினை ஏற்றிய விதத்தில் குறை சொல்ல முடியாது. பாரம் தூக்குகிற சங்கிலிப் புளொக் கட்டி, பாலசிங்கத்தையும் இழுக்க வைத்து, ஒரு கீறல் விழாமல் உள்ளே இறக்கினார். இறக்குவதற்கு முன்னால், கடல் வேலைக்காரர்கள் எவரும் செய்வதைத் தானும் செய்தார். பெயின்ற் அடித்தார்.

இதை வெளியார் விளங்கிக்கொள்வது கடினம். அந்தக் கரையில் இரும்பு ஒரு பொருள் அல்ல, ஒரு நோயாளி. உப்புக்காற்று அதை இரவும் பகலும் தின்கிறது. ஆகவே எதையும் பூட்டுவதற்கு முன்னால், வெளியே தெரிகிற பக்கத்துக்கு மட்டுமல்ல, பூட்டிய பின் கண்ணுக்கே தெரியாமல் போகிற பக்கத்துக்கும், போல்டின் தலைக்கும், வயர் நுனியில் இருக்கிற வளையத்துக்கும் துருத் தடுக்கிற சிவப்புப் பெயின்றை இரண்டு முறை பூசி, காய விட்டு, அதன் மேல் கிறீஸும் தடவித்தான் பூட்டுவார்கள். அப்படிச் செய்யாதவன் சோம்பேறி. சிங்கராசா சோம்பேறி அல்ல. அந்த வானில் அவர் பெயின்ற் பூசாமல் விட்ட இடம் பாலசிங்கத்தின் சட்டை ஒன்றுதான், அதிலும் ஒரு துளி இருந்தது.

சாவியைத் திருப்பியபோது எஞ்சின் சுற்றியது. நன்றாகவே சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை.

டீசலில் காற்று ஏறியிருக்கும் என்றார் பாலசிங்கம். குழாயைக் கழற்றிக் காற்றெடுத்தார்கள். மறுபடியும் சுற்றியது, பிடிக்கவில்லை. வேலியோரம் நின்று பார்த்தவர்கள் தங்கள் தங்கள் அறிவுக்கு ஏற்ற காரணங்களைத் தந்தார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். ஜப்பான் சாமானை முதல் தடவை வெள்ளிக்கிழமை தொட்டிருக்கக் கூடாது என்றார் இன்னொருவர். சிங்கராசா எல்லோருடனும் வாதாடி எல்லோரையும் வென்றார். வான் மட்டும் வாதத்துக்கு வரவில்லை. சாவியைத் திருப்பியவுடன் முகப்பில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் எரிய வேண்டும். அதுகூட எரியவில்லை.

மாக்கிறட் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். "அதுக்கு உங்களோடை கதைக்க விருப்பமில்லைப் போலை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

வேறு வழியில்லாமல் சிங்கராசா கொண்டச்சிக்கு ஆள் அனுப்பி சனூனை அழைத்தார். சனூன் வாகனங்களின் வயர் வேலை செய்கிறவர். நாற்பது தாண்டிய மனிதர். தொண்ணூறில் முசலியிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று அவருடையது. புத்தளத்தில் வளர்ந்து, அங்கே தொழில் பழகி, யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தவர். வாகனத்தின் கொம்பியூட்டரோடு பேசி, அதற்கு என்ன வருத்தம் என்று கேட்டுச் சொல்கிற ஸ்கானர் ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் துவாயில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார்.

அவரும் அடக்கமானவர் அல்ல. வந்தவுடன் வானைச் சுற்றிப் பார்த்து, எஞ்சினை ஏற்றியது யார் என்று தெரிந்தும் கேட்டார். சிங்கராசா, தான்தான் என்றும், இந்தியாவில் இருந்த காலத்தில் இதைவிடப் பெரிய எஞ்சின்களைக் கண்டவர் என்றும் சொன்னார்.

"ஓம் அண்ணை, தெரியும்" என்றார் சனூன். "எல்லாரும் தொண்ணூறிலை வெளிக்கிட்டதுதான். நாங்கள் புத்தளம் போய் வயர் பழகி வந்தனாங்கள். நீங்கள் இந்தியா போய் வாய் பழகி வந்தனீங்கள்."

வானின் முகப்புக்குக் கீழே இருக்கிற துளையில் ஸ்கானரைச் செருகி, சாவியைத் திருப்பினார். ஸ்கானர் யோசித்தது. தொடர்பு இல்லை என்று எழுதிக் காட்டியது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில். சனூனின் முகத்தில் இருந்த பகிடி சற்றுக் குறைந்தது.

பற்றறியைப் பார்த்தார், சரி. பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், சரி. கொம்பியூட்டருக்கு மின்சாரம் வருகிற வயரில் மீற்றரை வைத்தார், வந்தது. கொம்பியூட்டரும் ஸ்கானரும் பேசிக்கொள்கிற இரட்டை வயரை அளந்தார், அறுந்திருக்கவில்லை. மின்சாரம் திரும்பிப் போகிற வயருக்கும் எஞ்சினுக்கும் இடையே மீற்றரை வைத்தார். மீற்றர் குருவி போலக் கீச்சிட்டது. அதுவும் சரி.

சாவி மாறினதால் கொம்பியூட்டருக்குக் கோபமாக இருக்குமோ என்று சிங்கராசா கேட்டார். பழைய வானின் சாவியைப் புதிய கொம்பியூட்டர் ஏற்றுக்கொள்ளாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான், சாவியைப் பிறகு பெட்டிக்குப் பழக்க வேண்டும் என்றார் சனூன். ஆனால் இது அதுவல்ல. சாவி பிடிக்காவிட்டாலும் கொம்பியூட்டர் வாயைத் திறந்து, சாவி பிடிக்கவில்லை என்றாவது சொல்லும். இது அதையும் சொல்லவில்லை. ஆகவே பெட்டியே செத்துப்போயிருக்க வேண்டும்.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு முருங்கனுக்குப் போனார்கள். அங்கே அதே எஞ்சின் பூட்டிய வான் ஒன்று ஓடியது. அதன் கொம்பியூட்டரை எடுத்துவிட்டு இதை வைத்து ஸ்கானரைச் செருகினார் சனூன். சாவி பிடிக்கவில்லை, அது பிடிக்கவில்லை, இது பிடிக்கவில்லை என்று பெட்டி நீளமாக முறையிட்டது. அங்கே வாயாடி. கொண்டுவந்து இங்கே பூட்டினால் மறுபடியும் ஊமை.

இதைக் கேட்டு மாக்கிறட் சிரித்தார். "அப்ப பிள்ளையிலை பிழை இல்லை. வாழப்போன வீட்டிலைதான் பிழை" என்றார். சிங்கராசா மறுமொழி சொல்லாமல் விட்டதை நான் கேள்விப்பட்ட முதல் சந்தர்ப்பம் அது.

திருவிழா நெருங்கியது. ஊர்ச் சனம் கூடாரச் சீலையும் பானை சட்டியுமாக மடுவுக்குப் புறப்படத் தொடங்கியது. மாக்கிறட் அலுமாரியைத் திறந்து உடுப்புகளை இரண்டாகப் பிரித்தார். கொண்டுபோவது ஒரு பக்கம், கொடுத்துவிடுவது இன்னொரு பக்கம். சண்டை பிடிக்கவில்லை. அதுதான் சிங்கராசாவைக் கலக்கியது. சண்டை இருந்திருந்தால் அவருக்கு அதில் வழி தெரியும். பாலசிங்கம் ஒருநாள் வந்து, சாட்சியாகத் தான் உண்மையைத்தான் சொல்ல வேண்டி வரும், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

திருவிழாவுக்கு முதல்நாள் சனூன் கடைசி முறையாக வந்தார். ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. மாக்கிறட் மன்னார் பசாருக்குப் பயணப்பை வாங்கப் போயிருந்தார். இரண்டு ஆண்களும் வானின் முன் ஆசனத்தைத் தூக்கிவிட்டு, அதற்குக் கீழே இருக்கிற எஞ்சினைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சனூன் வழக்கம்போல மீற்றரை எடுத்தார். மீற்றர் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் ஓம் என்றது.

"உன்ரை மீற்றர் கலியாண வீட்டுக்காரன் மாதிரி" என்றார் சிங்கராசா. "எல்லாரையும் வாங்கோ வாங்கோ எண்டு சொல்லுது. தள்ளு, நான் பாக்கிறன்."

உள்ளே போய்த் தன் தொழிற்பெட்டியிலிருந்து ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்து வந்தார். அதில் இரண்டு வயர்த் துண்டுகள் கட்டியிருந்தன. வள்ளத்து எஞ்சின்களை அவர் அந்த வயதுவரை அதை வைத்துத்தான் சோதித்தார். இந்தக் காலத்தில் பல்பா என்று சனூன் விழுந்து விழுந்து சிரித்தார். சிங்கராசா கவனிக்கவில்லை. பல்பின் ஒரு வயரைப் பற்றறியில் வைத்தார். மற்ற வயரைக் கொம்பியூட்டரிலிருந்து மின்சாரம் திரும்பிப் போகிற வயரின் நுனியில் வைத்தார். பாதை நல்ல பாதை என்றால் பல்ப் கண் கூச எரிய வேண்டும். அது சாகக் கிடக்கிற மின்மினி போல ஒரு துளி சிவந்துவிட்டு அணைந்தது.

சனூனின் சிரிப்பு நின்றது.

நடந்தது இதுதான். மீற்றர் சோதிக்கும்போது ஒரு சொட்டு மின்சாரத்தை மட்டும் அனுப்பிப் பார்க்கிறது. நூலளவு இடுக்கு இருந்தாலும் சொட்டுப் போய்விடும், மீற்றரும் கூவிவிடும். கொம்பியூட்டருக்குச் சொட்டுப் போதாது. பல்புக்கும் போதாது. அதனால்தான் பல்ப் உண்மையைச் சொன்னது. இதைச் சிங்கராசாவின் அறிவு என்று நான் எழுதப் போவதில்லை. மீற்றர் மேல் அவருக்கு இருந்தது பொறாமை. பொறாமையும் சில வேளைகளில் சரியான இடத்தில் கை வைக்கிறது.

அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். எஞ்சினின் மேல்பக்கத்தில் ஒரு போல்டில் அது முடிந்தது. போல்டைக் கழற்றினார்கள். வயர் நுனியின் வளையத்தில் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்ற். அது இருந்த இடத்தில் சிவப்புப் பெயின்ற். போல்டின் தலைக்கு அடியில் பெயின்ற். அதற்கு மேல் கிறீஸ். அழகான, அக்கறையான, இரண்டு முறை பூசிய வேலை.

வள்ளத்தில் இது பிழை அல்ல. வள்ளம் பிளாஸ்டிக். அங்கே மின்சாரம் ஒரு வயரில் போய் இன்னொரு வயரில் பற்றறிக்கே திரும்பிவிடும், உடம்பு அந்த வேலையில் சேராது. வானில் அப்படி இல்லை. எஞ்சினின் இரும்பே திரும்பி வருகிற வழி. அந்த வழிக்குச் சிங்கராசா கதவு போட்டு, பூட்டி, மேலே கிறீஸும் தடவியிருந்தார். இது அவருக்குத் தெரியாத விஷயமும் அல்ல. கனடாவில் இருக்கிற சொந்தக்காரனைத் தெரிந்திருப்பது போல, அவர் அதைத் தெரிந்திருந்தார்.

சனூன் நிலத்தில் குந்தினார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று சிங்கராசா ஒரு கணம் நினைத்தாராம்.

"அண்ணை" என்றார் சனூன் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தக் கொம்பியூட்டர் இவ்வளவு நாளும் கதைச்சுக்கொண்டுதான் இருந்திருக்கும். நீங்கள்தான் வாய்க்குப் பெயின்ற் அடிச்சுவிட்டிருக்கிறியள்."

"பெயின்ற் தன்ரை வேலையைச் செய்திருக்கு" என்றார் சிங்கராசா. "ஒண்டையும் உள்ளை விடாதை எண்டனான். விடேல்லை. நல்ல பெயின்ற்."

இந்த வாதத்தில் யார் வென்றார் என்று சனூனால் சொல்ல முடியவில்லை. அரத்தாளால் பெயின்றைச் சுரண்டி, இரும்பு பளபளக்கத் தேய்த்து, போல்டை இறுக்கினார்கள். சாவியைத் திருப்பியவுடன் முகப்பில் மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. ஸ்கானர் கொம்பியூட்டரைக் கண்டுகொண்டது, அடைத்து வைத்த முறைப்பாடுகள் எல்லாம் வரிவரியாக வந்தன. சனூன் உட்கார்ந்து சாவியைப் பழக்கி முடித்தார். அடுத்த முறை திருப்பியபோது எஞ்சின் பிடித்தது. முற்றத்தில் நின்ற கழுதை ஒன்று திடுக்கிட்டு வேலியைத் தாண்டியது. கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. சிங்கராசா ஸ்டியறிங்கைப் பிடித்தபடி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நிறுத்தினார்.

மாக்கிறட் வரும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சனூனிடம் கேட்டுக்கொண்டார். மனைவியைத் திகைக்க வைக்கப் போகிறார் என்று நினைத்து சனூன் சிரித்துக்கொண்டே புறப்பட்டார். பிரதான வீதிக்கு ஏறுகிற இடத்தில்தான் ஸ்கானரின் வயர் மடியில் இல்லை என்று கண்டு திரும்பி வந்தார். வேலியடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர், அங்கேயே நின்றுவிட்டார்.

சிங்கராசா முன் ஆசனத்தை மறுபடியும் தூக்கியிருந்தார். ஸ்பானரை எடுத்து, சற்று முன்னர் இறுக்கிய போல்டைக் கழற்றினார். வயர் நுனியை இரும்பில் படாமல் ஒரு பக்கமாக மடித்து வைத்தார். போல்டைத் துணியில் துடைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆசனத்தை இறக்கினார். அந்த நேரம்தான் மாக்கிறட், விலைத்துண்டு தொங்குகிற புதிய பையோடு ஒழுங்கை வழியாக வந்தார்.

அவரை வானடிக்குக் கூப்பிட்டார் சிங்கராசா. ஏறி இருந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு இறங்கினார்.

"நான் தோத்துப்போனன், மாக்கிறட்" என்றார். "நீ சொன்னபடி மகளிட்டைப் போவம்."

மாக்கிறட் அவரை உற்றுப் பார்த்தார். முதலில் அவருடைய நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார். பிறகு வானின் படியில் குந்திக்கொண்டார். பையைத் திறந்தார், மூடினார். அதன் சிப்பைப் பல முறை இழுத்துப் பார்த்தார். பிறகு, வேலிக்கு வெளியே நின்ற சனூனுக்கும் கேட்கிற குரலில் மாக்கிறட் சொன்னார்.

"இந்த இரும்பை இப்பிடி முத்தத்திலை விட்டிட்டுப் போனா சனம் சிரிக்கும். முதல்லை இதைத் திருத்துங்கோ. பிறகு போவம். இப்ப ஆர் அவசரப்படுத்தினது?"

மறுநாள் இருவரும் பஸ்ஸில் மடுவுக்குப் போனார்கள். வயரை எடுக்காமலே வீடு போன சனூன், அந்தக் கிழமை முடிவில் அதை எடுக்க வந்தபோது, வான் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தியது சனூன்தான் என்று சிங்கராசா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். தன் வாயால் இன்னொருவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அவருக்கு அதுதான் முதல் தடவை. அவர்கள் நீர்கொழும்புக்குக் குடிபோகவில்லை. வான் இன்னும் அவ்வளவு தூரத்துக்குச் சாமான் ஏற்றிப்போகிற நிலையில் இல்லை என்பது மாக்கிறட் சொல்கிற காரணம். பேரனைப் பார்க்க மட்டும் மாதம் தவறாமல் அதே வானில் போய் வருகிறார்கள். போகலாமா இருக்கலாமா என்று அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாதம் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மனைவி இதைத்தான் சொல்வார் என்று கணித்து அவர் போல்டைக் கழற்றியிருந்தால், அதுவும் அவருடைய பழைய வெற்றிகளில் ஒன்று, கொஞ்சம் மேலான ரகம், அவ்வளவுதான். கணிக்காமல் கழற்றியிருந்தால் அது வேறு. அன்றைக்கு மாக்கிறட் சரி போவம் என்று பையை எடுத்திருந்தால், அவர் நீர்கொழும்பில் மருமகனின் கதிரையில் குந்தியிருந்திருப்பார். எது என்று என்னால் முடிவு கட்ட முடியவில்லை. போல்டைப் பற்றி மாக்கிறட்டுக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது.

வேலியடியில் கண்டதைச் சொல்லி, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று சனூன் அவரிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார். சிங்கராசா மறுக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறப் போகிறது, குடி என்றார்.